பற்றவைக்கும் நேரம்

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில்
ஃபேன் இருக்கிறது. போடக்கூடாது.
தீ சாயும், பொடி பறக்கும்,
பறந்தது வெள்ளி என்பார் மாதையன்
தராசைப் பார்த்தபடி.

நேற்றைய மழை தரையிலிருந்து எழுந்து
முதுகில் உட்கார்ந்திருக்கிறது.
வேர்வை எங்கும் போவதில்லை.
மூக்கு நுனியில் ஒரு சொட்டு
விழட்டுமா என்கிறது.
கண்ணியில் விழுந்தால் பற்றுப் பிடிக்காது;
துடைக்கவோ கை இல்லை, இடுக்கி.
எதிரே செல்லக்கிளி
உதட்டைக் குவித்து ஊதினாள்,
என் நெற்றிக்கு மட்டும்.

ஆறே முக்காலுக்குக் கடைசி ஜோடி.
சுவிட்சைத் தட்டினார்.
சுற்றி வந்தது அதே வெக்கைதான்;
குளிர் ஒன்றும் கொண்டுவரவில்லை காற்று,
எங்கள் மேலிருந்ததை
எடுத்துக்கொண்டு போனது.

சன்னலில் ஏற்காட்டு விளக்குகள்.
ஒருவரும் பார்க்கவில்லை.
ஃபேனுக்கு நேர் கீழே
இடம் பிடிக்கும் சண்டையில்
செல்லக்கிளி ஜெயித்தாள்,
முழங்கையால்.