அறுபத்திரண்டில்

கிரான் சந்தி கழிந்து
முள்ளு அறுபத்திரண்டைத் தொடுகிற இடத்தில்
பின் இடது கதவுக்குள் அது தொடங்கியது.
காய்ந்த கச்சான் கோதுக்குள்
ஒற்றைப் பருப்பு உருளுகிற மாதிரி.
அறுபத்தைந்தில் இல்லை.

"மூண்டு கராச்சில காட்டியாச்சு தம்பி,
ஒருத்தனுக்கும் கேக்கல்ல.
எனக்குத்தான் காதில வருத்தமெண்டுறானுகள்"
என்றார் நொத்தாரிசு தவயோகராஜா.
புதுக் கார். புதிதென்றால்,
யப்பானில் எவரோ ஆறு வருசம் இருந்து எழும்பினது.

எனக்குக் கேட்டது.
உலகத்தில் இந்தச் சத்தத்தை முதலில் கேட்டவன் நான்.
அதை ஒரு நொத்தாரிசிடம் எப்படிச் சொல்வது,
சாட்சியும் உறுதியும் இல்லாமல்?

வேலி போட்ட பாலைவனம்.
உள்ளே முட்டை வடிவில் எட்டுக் கிலோமீற்றர் தார்.
ஓட்டமென்றால் ஓரிடத்துக்குப் போவது என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
சுபஹுக்குப் பிறகு ஏறினால்
அஸருக்குள் எழுநூறு கிலோமீற்றர் ஓடி
ஏறின இடத்திலேயே இறங்குவேன்.

கைபேசியின் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள்.
காருக்குப் பெயரில்லை, இலக்கம் மட்டும்.
மேனியெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழிகள்,
பார்ப்பவனுக்கு உருவம் பிடிபடக் கூடாதாம்.
என்ன கார் என்று ஜெஸீமா கேட்பாள்.
சொல்ல மாட்டேன் என்று ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தேன்.
மருமகன் ஒட்டகம்தான் மேய்க்கிறார் என்று
ஓட்டமாவடி முழுக்க மாமி சொல்லித் திரிந்தா.

சாப்பாட்டறைச் சுவரில் உலகப்படம், சிவப்புக் குண்டூசிகள்.
ஏரி உறைந்து தரையாகும் வடக்கில் பிறேக்கைப் பார்ப்பார்கள்.
காற்று மெலிந்த மலையில் எஞ்சின் இளைக்கிறதா என்று.
இன்னோரிடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி கட்டி
அதற்குள் இறக்கி ஏற்றி, துரு பிடிக்கக் காத்திருப்பார்கள்.
எங்கள் ஊசிக்கு ஐம்பது பாகைச் சூடு,
அத்தோடு பள்ளங்கள்.
நாலங்குலம் ஆறங்குலம் என்று வரைபடம் கீறி
கொங்கிறீற்றில் வார்த்த பள்ளங்கள்.

சிரித்துவிட்டேன்.
ஏன் சிரிக்கிறாய் என்றான் பொறியியலாளன் ஹென்றிக்.
புலிபாய்ந்தகல் வழியைச் சொன்னேன்.
மாரியில் ரோட்டு ஆற்றுக்குள் இறங்கிப் போகும்,
உழவு மெசின் பெட்டியில்
பேறுகாலத்துக்காரியை நிற்க வைத்துக் கொண்டு வருவார்கள் என்று.
எவ்வளவு ஆழம் என்றான், பேனையைத் திறந்து.
என் நெஞ்சைக் காட்டினேன்.
பேனையை மூடினான்.
"அது ரோட்டு இல்லை."

அந்தக் கிழமைதான் எழுதிக் கொடுத்தேன்:
பின் இடது கதவு, அறுபத்திரண்டு, பருப்பு.
மைக்குகள் பூட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை.
மூன்று வாரம் கழித்து ஒரு சொல் வந்தது:
கவனிக்கப்பட்டது.
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
உம்மா காணிக்குக் கொடுத்த மனுவின் மூலையில்
கச்சேரியிலும் அதைத்தான் எழுதினார்கள்.

"இன்னொருக்கா அறுபத்திரண்டுக்குக் கொண்டு போங்க சேர்."

சந்திவெளிக்கு முன்னால் ரோட்டு நேராக விழுகிற இடம்.
வைக்கல் ஏற்றின மெசினொன்றை முந்தினோம்.
நான் பின் சீற்றுக்கு மாறியிருந்தேன்.
ஜெஸீமாவுக்கு அழைத்து
கைபேசியைக் கதவின் நெஞ்சில் வைத்தேன்.
பேசாமல் கேள், என்றேன்.

ஒரு கட்டைத் தூரம் பேசாமல் கேட்டாள்.
மறுகா சொன்னாள்:
"ஒட்டகம் இப்பிடிச் சத்தம் போடாதுதான்."

நொத்தாரிசு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"செய்யேலுமா?"
"ஏலும் சேர்.
கிளிப்புக்குப் பின்னால நகத்தளவு சைக்கிள் ரியூப் வெச்சா நிண்டிடும்.
நாளைக்குக் கொண்டு வாங்க.
இண்டைக்கு
இன்னும் கொஞ்சம் ஓடுங்க."