வெளுக்கும் ரசீதுகள்

வேலையில் நான் எழுதுகிறவன்தான்.
மின்தூக்கிக் கூண்டின் உச்சியில் ஏறி
கம்பிவடம் தடவி, பிரேக் அளந்து,
தேதி, நேரம், கையெழுத்து.
எழுதாத வேலை செய்யாத வேலை
என்பார் எங்கள் சூப்பர்வைசர் டியோ.

வீட்டில்தான் சிரித்தேன்.
புக்கிட் பாத்தோக், பதினொன்றாம் மாடி.
இரவுத் தட்டுகளைக் கழுவி முடித்ததும்
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
அரசி நோட்டோடு உட்காருவாள்.
கீரை, ஒரு வெள்ளி இருபது காசு.
தண்ணீர் மீட்டர் எண்.
நிறைமதிக்குப் பல் விழுந்தது, கீழ்வரிசை, இடப்பக்கம்.

ரசீதுதான் இருக்கிறதே, மறுபடி எதற்கு என்றால்
போன வருஷத்து ரசீது ஒன்றை எடுத்து நீட்டுவாள்.
வழவழவென்று வெறும் தாள்.
"எந்தக் கடை, சொல்லுங்க பார்ப்போம்."

வாய் சும்மா இருக்காமல்
எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்,
என் வீட்டுக்குள் ஒரு கணக்கு ஆபீஸ் நடக்கிறதென்று.

ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு.
குளியலறைக் கூரையில் ஈரம் பூத்தபோது
மேல்வீட்டுத் திரு லோ கதவைப் பாதி திறந்து
இதுதான் முதல் தடவை என்றார்.
அரசி பக்கம் புரட்டினாள்.
மூன்று வருஷத்துக்கு முந்திய மார்ச்சு,
அதே மூலை, பாதிச் செலவு அவர், பாதி நாங்கள்,
பழுது பார்த்தவரின் கைபேசி எண்கூட.
மீதிக் கதவும் திறந்தது.
ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார்.
அதையும் எழுதினாள்:
வரவு, ஆரஞ்சு, நான்கு.

தேசிய தினத்துக்கு மறுநாள்
அவளைக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது.
இரவு ஒரு மணி, அவசரப் பிரிவு.
என்னைத் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசினாள்.
ஒவ்வாமை உண்டா என்று தாதி கேட்டார்.
உண்டு என்றேன்.
எந்த மருந்து?
குளுவாங்கில், கல்யாணத்துக்குப் போன இடத்தில்
யாரோ ஒரு டாக்டர் போட்ட ஊசி,
முகம் பூரியாய் உப்பியது,
பெயர்...
பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவனுக்குப்
பெயர் தெரியவில்லை.
கணினியில் தேடினார்கள்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது
கணினிக்கும் தெரியவில்லை.

மகளை எழுப்பினேன்.
அம்மா நோட்டு, பச்சை அட்டை.
இல்லை, அதற்கு முந்தியது.
படம் எடுத்து அனுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை,
அவளுக்கும் தோன்றவில்லை.
தமிழ் வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளை
அம்மாவின் சாய்ந்த கையெழுத்தை
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
குளு... வாங். மொய், நூறு ரிங்கிட்.
அப்பா, மொய்னா என்ன?
அப்புறம் சொல்றேன், கீழே படி.
ஊசி. செஃப்... ட்ரை... யாக்...
அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.
முடிக்கவில்லை;
தட்டில் தயாராய் இருந்த குப்பியைத்
தாதி திரும்ப எடுத்துப்போனார்.

மறுநாள் நோட்டுகளைக் கட்டிலருகே கொண்டுவந்தேன்.
அவள் தூங்கிய நேரமெல்லாம் படித்தேன்.
ஒரு பக்கத்தில் 'சண்டை' என்று இருந்தது.
அடுத்த வரி: அவர் மீ கோரெங் வாங்கி வந்தார், நான்கு வெள்ளி.
சமாதானம் என்ற சொல் எங்கும் இல்லை.

அந்த ஐந்து நாளும் நான் எழுதினேன்.
காய்ச்சல், எத்தனை மணிக்கு எவ்வளவு.
டாக்ஸி. கஞ்சி, அரைக் கிண்ணம் குடித்தாள்.
ஒவ்வாத மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில்
நோட்டின் முதல் பக்கத்திலும்
என் பர்சுக்குள் ஒரு சீட்டிலும்.

வீடு திரும்பிய இரவு
தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து
பேனா முனையால் என் வரிகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள்.
டாக்ஸி ரசீது எங்கே என்றாள்.
கூட்டலில் முப்பது காசு உதைக்கிறது என்றாள்.
பேனா ஓரிடத்தில் நின்றது.
"காலையில காப்பி ரெண்டு. கூட யாரு?"

யாருமில்லை.
கடையில் நின்றதும் வாய்
இரண்டு என்று சொல்லிவிட்டது.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு ஒரு காப்பியை மட்டும்
வீண்செலவில் சேர்த்து எழுதினாள்.