பதினாறில் ஒன்பது

செம்புக் கம்பி சத்தத்தைக் கடத்துகிறதாம்.
மாடி அறையில் ரவுட்டர், கீழே கூடத்தில் இசைப்பெட்டி,
நடுவே பதினெட்டு மீட்டர் கம்பி.
அதில் பாட்டோடு பாட்டாக
ரவுட்டரின் நடுக்கமும் அடாப்டரின் முனகலும்
டிக்கெட் எடுக்காமல் இறங்கி வருகின்றனவாம்.
ரிம்வீதாஸ் சொன்னான்.
கௌனஸ் நகரத்துப் பிப்ரவரியில்,
பீட்ரூட் சூப் ஆறிக்கொண்டிருந்தபோது.

கண்ணாடி கடத்தாது என்றான்.
ஒலியை ஒளியாக்கி அனுப்புவோம்,
கீழே வந்ததும் ஒலியாக்கிக்கொள்வோம்.

வந்து சேர்ந்தது
கடல்பச்சை உறைக்குள் தலைமுடியளவு கண்ணாடி.
கூடவே சோப்புக்கட்டி அளவில் இரண்டு மாற்றிப் பெட்டிகள்.
முஷ்டியைவிடச் சிறிதாக வளைக்கக் கூடாது,
முனையில் விரல் படக் கூடாது,
கண்ணை வைத்து உள்ளே பார்க்கக் கூடாது.
எங்கள் மகள் பிறந்தபோதுகூட
ஆஸ்பத்திரியில் இத்தனை நிபந்தனை சொல்லவில்லை.

பழைய மரவீடு.
படிக்கட்டின் ஓரமாக ஒவ்வொரு படியிலும் மண்டியிட்டு
ஆணி அடிக்காமல் ஒட்டிக்கொண்டே இறங்கினான்.
கடைசி முனையைச் செருகுமுன்
கைபேசிக் கேமராவை அதன்முன் நீட்டி என்னைக் கூப்பிட்டான்.
வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை.
திரையில் மட்டும் ஓர் ஊதாப் புள்ளி
விழித்துக்கொண்டிருந்தது.
எனக்கு அது பிடித்திருந்தது. அவனிடம் சொல்லவில்லை.

பிறகு பாட்டு. எப்போதும் அதே சேர்ந்திசை,
ஏதோவொரு தேவாலயத்தில் பதிவானது.
முதல் சொல்லுக்கு முன்
நாற்பது பேர் ஒன்றாக மூச்செடுப்பார்கள்.
"கேட்டாயா? திரை விலகிய மாதிரி!"

நான் செவித்திறன் பரிசோதகர்.
மருத்துவமனையில் என் மேசை இழுப்பறையில்
அவன் காதுகளின் வரைபடம் இருக்கிறது.
பதினோராயிரம் அதிர்வுக்குமேல்
இடது காது மலையுச்சியிலிருந்து குதிக்கிறது.
மனைவியாக "ஆமாம், விலகியது" என்றிருக்கலாம்.
வெள்ளைக் கோட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, போர்வையைத் திரையாகக் கட்டி
அதன்பின்னே நான்.
காசைச் சுண்டிப் பார்த்து
ஒருமுறை செம்பு, ஒருமுறை கண்ணாடி, மறுபடி கண்ணாடி.
பதினாறு முறை.
பல் பிடுங்க வந்தவன்போல
நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டு அவன்.
ஒன்பது சரி.
"காசைக் கேட்டால் எட்டு சொல்லியிருக்கும்" என்றேன்.
கோபிக்கவில்லை.
நோட்டில் 9 என்று எழுதி, தேதி போட்டு, அடிக்கோடிட்டான்.
இழையைக் கழற்றவுமில்லை.

ஜூலையில் இடி.
கூரை ஆன்டெனா வழியாக மின்னல் வீட்டுக்குள் வந்தது.
அதற்கு ஒரு நிமிடம் முன்னால் ரிம்வீதாஸ் ஓடிப்போய்ப்
பிடுங்கியது இசைப்பெட்டியின் பிளக்கை மட்டும்.
ரவுட்டர் கருகியது. மாடியிலிருந்த மாற்றி செத்தது.
தொலைக்காட்சி, என் சார்ஜர்,
சமையலறையில் குளிர்பெட்டி.
படிக்கட்டின் தலைப்புவரை வந்த மின்னல்
கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும்.
இசைப்பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை.

"கடத்தாது என்றேனே" என்றான்,
பத்தாவது மதிப்பெண்ணை வாங்கிவிட்ட பையனின் முகத்தோடு.

அன்றிரவு இணையமில்லை.
பெட்டியின் வயிற்றில் சேமித்திருந்த பாட்டு இருந்தது.
அதே நாற்பது பேர், அதே மூச்சு,
நானூறாவது தடவையாக இருக்கலாம்.
அப்போதுதான் கேட்டது.
இடப்பக்கம், பின்வரிசையில், யாரோ ஒருவர்
இருமலை விழுங்குகிறார்.

இதுவரை எனக்குக் கேட்டதில்லை. அவனுக்கும்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறகு மெதுவாக, இருவரும் ஒன்றாகத்
திரும்பிச் சமையலறையைப் பார்த்தோம்.
பன்னிரண்டு வருடமாக முனகிக்கொண்டிருந்தது
கதவு விரியத் திறந்தும் வாய்மூடி நின்றது.

கம்பியில் இல்லை. காற்றில் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை கடைக்குப் போனோம்.
விலை கேட்கவில்லை, எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை.
விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டே நிற்க,
வரிசையாக ஒவ்வொரு கதவிலும்
காதை வைத்து வைத்து நடந்தான்.
வலது காதை மட்டும்.
நான்காவதில் நின்று என்னையும் கூப்பிட்டான்.
வைத்தேன்.
சில்லென்றிருந்தது.