கடைசிப் பத்து நிமிஷம்

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து குடியேறிவிட்டதால்
மூன்றாவது இடம் காலியாகக் கிடந்தது.
அந்த வருஷம் அதில்
கரண்ட் இல்லாத டிவியை உட்காரவைத்தோம்.

ஐந்து மணிக்கு ஜப்பான் கார்ட்டூன்.
வாய் மூடிய பிறகும் பேசிக்கொண்டிருக்கும் தமிழ்.
துளைபோடும் வண்டி வலது கை,
நீர்மூழ்கி இடது கை,
சரக்கு ரயில் வலது கால்,
விமானம் மார்பும் தலையும்.
இடது கால் ஒரு புல்டோசர்,
அதை ஓட்டுகிறவன்
உலகம் அழியும்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான்.
கடைசிப் பத்து நிமிஷத்தில் ஐந்தும் சேரும்.
சேர்ந்தால்
காட்பாடி மேம்பாலத்தை ஒரே எட்டில் தாண்டும் என்றார்கள்.

என்றார்கள் என்றுதான் சொல்ல முடியும்.
ஓட்டேரியில் ஐந்து பத்துக்குப் போய்விடும்.

சேண்பாக்கத்தில் ஐந்து பத்துக்கு வரும்,
அதனால் ஹேமசந்திரனுக்கு
அரக்கன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியாது,
வந்துவிட்டான் என்று மட்டும் தெரியும்.
ஐந்து இருபதுக்கு அவனுக்கும் இருட்டு.
பாகாயத்தில் கரண்ட் உண்டு, வோல்டேஜ் இல்லை:
மோசஸின் டிவியில் ஒரு நகரமே
தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி நடுங்கும்.
காகிதப்பட்டறை யுவஸ்ரீ வீட்டில்
விளம்பரம் வரும்போது மட்டும் சரியாக இருக்கும்,
அது என்ன ராசியோ.

கடைசிப் பத்து நிமிஷம்
கஸ்பா சுரையாவிடம் இருந்தது.

காலையில் பிரேயர் பெல்லுக்கு முன்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூடுவோம்.
முதலில் நான், பிறகு ஹேமா,
நடுவில் மோசஸ், "சின்னதா தெரிஞ்சிச்சி, ஆனா பெருசுதான்" என்பான்.
மூட்டுகள் பொருந்தாது.
என் துண்டில் உடைந்த கை
ஹேமாவின் துண்டில் வாள் பிடித்திருக்கும்.
சண்டை போடுவோம், தட்டி இறுக்குவோம்.
பிறகு எல்லோரும் சுரையாவைப் பார்ப்போம்.

திங்கட்கிழமை தோளில் வெல்டிங் பொறி பறந்தது.
செவ்வாய் மழையில் சேர்ந்தார்கள், பிடி வழுக்கியது.
புதன்கிழமை இடது கால் தாமதம்,
குண்டனின் பெல்ட் கதவில் மாட்டிக்கொண்டதாம்.
ஒரு வெள்ளிக்கிழமை
கழுத்து வரை சேர்ந்துவிட்டது,
தலை மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டது.
"அப்புறம்?"
"அவ்ளோதான் காட்னாங்கோ."

போன மாசம் ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட்.
மெஷின் ஆறுகிற நேரத்தில்
போனில் தேடி எடுத்தேன், ஐம்பத்திரண்டு பாகம்.
சேருகிற காட்சி நாற்பத்தேழு விநாடி.
ஒவ்வொரு பாகத்திலும் அதே நாற்பத்தேழு.
அதே பொறி, அதே கோணம்,
இடமிருந்து வலம் போகும் அதே மேகம்.
ஒரே தரம் வரைந்து
வருஷம் முழுக்க ஓட்டியிருக்கிறார்கள்.
மழை எங்கும் இல்லை.
பெல்ட்டே கிடையாது.

சுரையா இப்போது மேல்விஷாரத்தில் கணக்கு டீச்சர்.
கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எங்க வூட்டுல ஏது டிவி?
பக்கத்து வூட்டுச் செவுத்துல காதை வச்சி கேப்பேன்.
தினம் ஒரே மியூசிக்தான் வரும்.
உங்க கிட்ட ஒரே கதையைச் சொன்னா
நாளைக்கு நிப்பீங்களா?"

பாலாறு நினைவுக்கு வந்தது.
நீர் இல்லையென்று யார் சொன்னது,
மணலுக்கு அடியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று
சொல்ல வாயெடுத்தேன்,
டயலாக் மாதிரி இருக்குமென்று விட்டுவிட்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமை?
தலை வரலன்னியே?"

சிரித்தாள்.
"அதுவா? பக்கத்து வூட்டுல
சேனல் மாத்திட்டாங்கோ."

சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் லீவு.
எங்கள் ஐந்து பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல்
இரண்டு நாள் முழுக்க
அது ஊருக்கு மேலே
தலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது.