நாலரைக்குள் திரும்பிவிடலாம்

காலை எட்டுக்குக் கப்பல் வந்து நின்றால்
செயின்ட் ஜான்ஸ் துறையில் புதிதாக ஒரு தெரு முளைக்கும்.
பன்னிரண்டு மாடி. பால்கனிதோறும் நீச்சலுடை காயும்.
மாலை ஐந்துக்கு அந்தத் தெரு எழுந்து போய்விடும்.
இடையில் உள்ளதுதான் என் பிழைப்பு:
ஒரு மடக்கு மேசை, மூன்று படகின் படங்கள்,
காற்று கொண்டுபோகாமல் மேலே நாலு கல்.

டாலஃப்சன், வின்னிபெக், நான்கு பேர்
என்று பிற்பாடு படிவத்தில் எழுதியவர்கள்
பத்தே காலுக்கு வந்தார்கள்.

அப்பா கையில் நாலாய் மடித்த காகிதம்.
கப்பலில் விற்கும் பயணம் இடப்பக்கம்,
கரையில் விற்பது வலப்பக்கம்,
தலைக்கு ஐம்பத்து நாலு டாலர் மிச்சம்.
அடியில் இரண்டு முறை கோடிட்ட ஒரு வரி:
தாமதமானால் கப்பல் நிற்காது.

அம்மா, நிழல் இருக்குமா என்றாள்.
சற்றுப் பொறுத்து, நிழல் நிறைய இருக்குமா என்றாள்.
மகள் காதில் எதையோ மாட்டியிருந்தாள்.
எதுவானாலும் சரி, என்றாள்,
எதுவும் சரியில்லை என்கிற குரலில்.
சின்னவன் ஆன்செல்
படங்களில் மனிதர்களை விட்டுவிட்டு
மீன்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினோரு வருடமாய்ச் சொல்வதைச் சொன்னேன்.
இது கேட்டமரான், அறுபது பேர்,
சறுக்குமரம் உண்டு, ஆட்டம் உண்டு,
திரும்பும்போது ரம் கணக்கில்லை.
இது கண்ணாடி அடிப்படகு,
தலைமுடி நனையாமல் பவளப்பாறை பார்க்கலாம்.
இது மிஸ் யூடோரா, ஒற்றைப் பாய்மரம்,
பன்னிரண்டு பேர், என் தம்பி ஹில்சன் ஓட்டுகிறான்.
இஞ்சினும் இருக்கிறது என்றேன்.
அதற்கு இஷ்டமிருந்தால்தான் ஓடும் என்பதைச்
சொல்லவில்லை.

பையன் நிமிர்ந்தான்.
தண்ணிக்குள்ள முகத்த வச்சா
முதல்ல என்ன கேக்கும்?

அமைதி, என்று சொல்வது வழக்கம்.
நன்றாக விற்கும் சொல் அது.
ஏனோ அன்றைக்கு வாய் வரவில்லை.
தெரியாதப்பா, என்றேன்.
நான் முகத்த வச்சதே இல்ல.

அப்பாவின் பேனா நின்றது.
போயிற்று ஒரு வியாபாரம், என்று கல்லை நகர்த்தினேன்.

நானும்தான், என்றாள் அம்மா.

பதினாறு வருடம் கூடவே இருந்தவளை
அன்றுதான் பார்ப்பவன்போல அவர் பார்த்தார்.
ஏரிக்கரை வீட்டுக்கு வருஷா வருஷம் போறோமே?
போறோம், என்றாள். நான் துண்டு பிடிச்சிட்டு நிப்பேன்.
யாரும் கவனிச்சதில்ல.

மகள் காதிலிருந்ததைக் கழற்றினாள்.
அன்று காலை யாரும் கேட்காத கேள்வியை
அவள்தான் கேட்டாள்:
சின்னப் படகுல ஏணி இருக்கா?

ஏழு படி, என்றேன். போன மாதம் பெயின்ட் அடித்தது நான்தான்.
நாலாவது படியில் உட்கார்ந்தால்
கணுக்கால்வரை கடல்.
அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

காகிதத்தை அவர் இன்னும் சிறியதாக மடித்தார்.
அந்தக் கோட்டின்மேல் பணத்தை எண்ணி வைத்தார்.

நாலு மணிக்குத் துறையில் பாய்மரம் இல்லை.
நாலேகாலுக்கும் இல்லை.
கப்பல் ஒருமுறை கனைத்தது.
இஞ்சினைத் திட்டினேன், ஹில்சனைத் திட்டினேன்,
கடைசியில் என்னையும்.

நாலு இருபத்தெட்டு.
முதலில் இறங்கிய அப்பாவின் முகம் காய்ப் பப்பாளி நிறம்,
போகும்போதும் வரும்போதும்
மீன்களுக்குச் சாப்பாடு போட்டவர் அவர்தானாம்.
மகளின் தோள் செம்மையாகப் பழுத்திருந்தது.
அம்மா நெற்றியிலும் கன்னத்திலும்
முகக்கண்ணாடி அழுத்திய வட்டம்.
அதை அவள் துடைக்கவில்லை.

ஓடிக்கொண்டே பையன் திரும்பிக் கத்தினான்:
பொரி! பால்ல போட்ட பொரி மாதிரி
படபடன்னு கேக்குது! அமைதியே இல்ல!

ஐந்துக்கு அந்தத் தெரு கிளம்பிப் போனது.
மேசையை மடித்தேன்.
ஹில்சன் ஏணியை இன்னும் தூக்கவில்லை,
இஞ்சினோடு பேசிக்கொண்டிருந்தான்.
அஞ்சாவது படி எவ்வளவு ஆழம், என்றேன்.
முழங்கால், என்றான் திரும்பாமல்.
ஆறாவது?

நாளைக்குக் கப்பல் கிடையாது.