நாலு விளக்கும் பச்சை

ஞாயிறு இரவு எட்டரை.
ஒஸ்லோவில் நாலு மணி, அதற்குள் இருட்டு.
தம்பி சிரித்தான், குளிர் என்றான்,
மகளுக்குப் பல் விழுந்த கதை சொன்னான்.
"நாவற்குடா வளவுக்கு எப்ப கையெழுத்து வைக்கப் போறாய்?" என்றேன்.
உறைந்தான்.
வாய் அரைவாசி திறந்தபடி,
ஒரு கண் மூடியபடி,
அடையாள அட்டைக்குப் படம் பிடித்தவன் மாதிரி.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.

மூன்று ஞாயிறு இப்படி.

முதலில் மழையைச் சொன்னேன்.
கல்லடியில் கார்த்திகை மழையின் தலையில்
எதையும் சுமத்தலாம், அது மறுத்துப் பேசாது.
மறுகா, கம்பியில் உரசும் தென்னோலையை.
ஏறி வெட்டியவனுக்கு ஆயிரத்தைந்நூறு.
மறுகா, பக்கத்து வீட்டு டிலுக்ஷனை:
எங்கட பாஸ்வேர்ட் உன்ர மகனுக்கு எப்படித் தெரியும் என்று
வேலிக்கு மேலால் கேட்டேன் தாயிடம்.
இன்றுவரை அவள்
கறிவேப்பிலைக்கு வருவதில்லை.
பாஸ்வேர்டை மாற்றினேன்.
வேகம் பார்த்தேன்: 0.41.
தோட்டின் ஆணியால் பின்பக்கத் துளையைக் குத்தி
பத்துச் செக்கன் பிடித்தேன்.
0.38.

மொடத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.
பவர் பச்சை, லயின் பச்சை,
இன்டர்நெட் பச்சை, வைஃபை துள்ளித் துள்ளிப் பச்சை.
இத்தனை பச்சை காட்டுகிற ஒன்றை
எந்த வாயால் கேட்பது?

கம்பனிக்கு எடுத்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது குரல்.
அழுத்தினேன். நெடுநேரம் புல்லாங்குழல்.
மறுகா சிங்களத்தில் ஒருவர்.

நாலாம் நாள் ஜெஸீம் வந்தான், ஏறாவூர்ப் பொடியன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, சுவரில் லயினைக் கழற்றினான்,
தன் பையிலிருந்த சின்னப் பெட்டியில் குத்தினான்.
பன்னிரண்டு.
எங்கள் பெட்டியில் குத்தினான்.
0.40.
"லயின்ல பிழையில்லக்கா. மொடம் போய்த்து."
"லைட்டெல்லாம் எரியுதே?"
"லைட்டுக்கென்ன, அது எரியும்."

மூடியைத் திறந்தான்.
எறும்பு முட்டை, குறுநொய் அரிசியாய்.
பல்லி வால் ஒன்று, பல்லி இல்லை.
ஒரு கெப்பாசிட்டர் தலை வீங்கி
ஓரத்தில் பிசின் வடிந்து.
"போன மாரி இடிக்கு அடிச்சிருக்கும்.
ஒரு வருசமா இப்பிடித்தான் ஓடியிருக்கு."

ஒரு வருசம்.
அவன் உறையும் ஒவ்வொரு தரமும்
போனைக் குப்புறப் போட்டுவிட்டு நான் சொன்னவை:
கள்ளன் என்றது.
நடிக்கிறான் என்றது.
பெண்சாதி மேசைக்குக் கீழால் காலை மிதிக்கிறாள் என்றது.
பாவம். கெப்பாசிட்டர்.

புதுப் பெட்டி ஏழாயிரத்துச் சொச்சம்.
தேத்தண்ணி குடித்துவிட்டு
பழையதைப் பாகத்துக்குக் கேட்டான் ஜெஸீம்.
தரமாட்டேன் என்றேன்,
ஏனென்று எனக்கே தெரியாது.

ஞாயிறு இரவு எட்டரை.
தம்பியின் மீசையில் நரை.
எப்போது வந்தது? கட்டம் கட்டமாய்த் தெரிந்த முகத்தில்
நரைக்கு இடமிருக்கவில்லை.
அடுப்பில் ஏதோ பொரியும் சத்தமும் கேட்டது.
"இப்ப நல்ல கிளியராக் கிடக்கக்கா" என்றான்.
மகள் முளைக்கிற பல்லைக் கமராவில் ஒட்டிக் காட்டினாள்.
ஒரு வருசத் திட்டுக்கும் சேர்த்து
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:
"வளவு விசயம் என்ன மாதிரி, தம்பி?"

உறைந்தான்.
வாய் அரைவாசி. ஒரு கண்.
முந்தியைவிடக் கொஞ்சம் திறமாக.

கிறுகி மொடத்தைப் பார்த்தேன்.
நாலும் பச்சை.
திரையைப் பார்த்தேன்.
அவன் தோளுக்குப் பின்னால் யன்னல்,
யன்னலுக்கு வெளியே ஒரு தெருவிளக்கு,
விளக்கின் கீழே
நிற்காமல்
பனி பெய்துகொண்டிருந்தது.