பத்துக்குப் பூஜ்யம்

பிப்ரவரி. பிஸ்மார்க். மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு கட்டியாய்க் கிடக்கிறது.
உள்ளே எழுபத்தொரு விண்ணப்பங்கள்:
பள்ளி ஊழியர் திறன் மேம்பாட்டுக்கு மாநில நல்கை.
ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், ஒரு பச்சைத் தாள்,
நூறு மதிப்பெண்.
எழுபதுக்குக் கீழே போனால் காசு இல்லை.

எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்.
'தரவு சார்ந்த, பன்முக, நீடித்த' என்று தொடங்கி
மூச்சு வாங்காமல் மூன்று பக்கம்.
யாரோ விற்கிறார்கள் அந்த வாக்கியங்களை.
பெயர் மாற்ற மறந்து
ஓர் ஊரின் விண்ணப்பத்தில் இன்னோர் ஊர் இருந்தது.
அதற்கும் எண்பத்திரண்டு போட்டேன்.
விதி அப்படி.

நாற்பத்து நான்காவது கையெழுத்தில் வந்தது.
கில்டன் க்ரீக் பள்ளி. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒன்பது ஊழியர்.
கேட்டது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்:
பயிற்சியாளர் கூலி, மைனாட்டில் இரண்டு இரவு, வேனுக்குப் பெட்ரோல்.
'தேவையை விளக்குக' என்ற பெட்டியில்,
தலைமையாசிரியைக்குக் காய்ச்சல், அதனால் நான் எழுதுகிறேன் என்று
சமையற்காரி வெர்லா ஓடகார்ட்:

'மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் எழுதக் கூடாதாமே.
மணி அடித்தால் மேசைக்கு அடியில் போய்விடுவான்.
டீச்சர் கெஞ்சுவார்.
பஸ் ஓட்டும் டெல்மர் காலைப் பிடித்து இழுப்பார்.
நான் ரொட்டி காட்டுவேன்.
மூன்றும் தப்பென்று மூன்று பேருக்கும் தெரியும்.
சரி எதுவென்று ஒருத்தருக்கும் தெரியாது.
சொல்லித்தர ஆள் உண்டு என்று கேள்விப்பட்டோம்.'

அவ்வளவுதான். பெட்டியில் பாதி காலி.

அளவிடத்தக்க இலக்கு: பத்துக்குப் பூஜ்யம்.
தரவு: பூஜ்யம்.
நீடிப்பு: 'அவன் ஆறாவது முடிக்கும் வரை'.
இரண்டு போட்டு, அடித்து, மூன்றாக்கினேன்.
தேவை: முழுசாகப் போட்டேன்; அதற்கு மேல் போட இடமில்லை.
மொத்தம் ஐம்பத்தெட்டு.
கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்து கூட்டினேன்.
ஐம்பத்தெட்டேதான்.

வீட்டுக்குப் போகாமல் விதிப் புத்தகத்தைப் பிரித்தேன்.
முப்பத்தொன்றாம் பக்கம், பின்னிணைப்பு, பொடி எழுத்து:
ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிக்குப் பன்னிரண்டு கூடுதல்.
பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்.
ஒருவரும் கேட்டதில்லை.
நானும் படித்ததில்லை.

எழுபது.

ஆனால் அதே புத்தகம், ஆறாம் பக்கம்:
ஊழியர் என்றால் உரிமம் பெற்றவர்.
டெல்மர் ஃபைஸ்ட் பெயரை அடித்தேன்.
வெர்லா பெயரையும்.
விண்ணப்பம் எழுதியவளையே வெட்டிவிட்டு
கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஆகஸ்டில் அறிக்கை வந்தது, அதே கையெழுத்து.
நல்கையில் சென்றவர்: ஏழு.
பயிற்சி பெற்றவர்: ஒன்பது.
'வேனை ஓட்ட ஆள் வேண்டும், டெல்மர் ஓட்டினார்.
ஓட்டியவர் வெளியிலேயே நிற்கவேண்டும் என்று எங்கும் போடவில்லை.
நான் பின்னிருக்கை. மடக்குக் கட்டில் வாடகை என் காசு.
அந்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு.'

விளைவு, சதவீதத்தில்:
'மணியைக் கழற்றிவிட்டோம்.
நேரமானால் கதவைத் திறந்து வைக்கிறோம், வந்துவிடுகிறார்கள்.
அவன் இன்னமும் சில நாள் அடியில் போகிறான்.
யாராவது பக்கத்தில் போய்ச் சும்மா உட்காருகிறோம்.
எனக்கு முட்டிதான் வலிக்கிறது.'

செலவாகாத மீதி நான்கு டாலர் பதினாறு சென்ட்,
காசோலையாக இணைத்திருந்தார்கள்.
திரும்ப வரும் பணத்துக்கு எங்களிடம் கணக்குத் தலைப்பு கிடையாது.
மூன்று துறைக்குப் போய் வந்து
இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
பச்சைத் தாள்களுக்கு அடியில்.